காந்தம் ஒட்டாத பக்கம்

ஏப்ரல் 13, திங்கள்

பியட் காருக்கு எஃப்.சி., அதாவது தகுதிச் சான்றிதழ், அடுத்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் ரோட்டில் எடுக்கக் கூடாது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் இந்த வேலையை இத்தனை நாளும் என் வீட்டுக்காரர்தான் யாரையோ பிடித்து முடித்துக்கொண்டு வருவார். இந்தத் தடவை குடலிறக்க ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறார். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதனால் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

பம்ப் செட் வார்க்கிற பவுண்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனிலேயே வேலைக்குச் சேர்ந்து அங்கேயே ரிட்டயர் ஆனவள் நான். வார்ப்பில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் சிவப்பு பெயிண்டால் ஒரு கோடு இழுத்துத் திருப்பி அனுப்பிவிடுவேன். அங்கே எனக்கு 'ரிஜெக்ட் பரிமளா' என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை, ஆனால் எனக்குத் தெரியும், உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஒரு பழைய காரைப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல எனக்கென்ன கஷ்டம்?

இவருக்கு அது பிடிக்கவில்லை. உடம்பு தேறட்டும், நானே எடுத்துக்கொண்டு போகிறேன் என்றார். நாள் தாண்டினால் அபராதம் போடுவார்கள் என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கொஞ்ச நாள் எரிச்சல் இருக்குமாம்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருஷப் பிறப்பு. இவருக்காகப் பாயசத்தில் நெய் குறைத்தேன். குறைத்ததைக் கண்டுபிடித்துவிட்டார்.

மகள் மிருதுளா பெங்களூரிலிருந்து பேசினாள். கோயமுத்தூருக்கு மாற்றல் உறுதியாகிவிட்டதாம், மே கடைசியில் வந்துவிடுவாள். மாப்பிள்ளை கப்பலில் வேலை, ஆறு மாதம் கடலில்தான். இவள் காலையில் எட்டு மணிக்குள் ஆபீஸில் இருக்க வேண்டும். அப்புறம் எந்தத் தைரியத்தில் மாற்றல் வாங்கினாள் என்றால், அப்பா கொடுத்த வாக்கு. பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் கூட்டிவருவதும் என் பொறுப்பு என்று போன தீபாவளிக்கே சொல்லிவிட்டார். நிலானி போனைப் பிடுங்கி, முன் சீட்டில் தான்தான் உட்காருவேன் என்றாள். "அது உனக்குத்தான் கண்ணு. அம்மிச்சியப் பின்னாடி தள்ளி உட்டரலாம்" என்று இவர், அவளுடைய அப்பச்சி, என்னைக் காட்டிச் சொன்னார். ஆபரேஷனுக்கு அப்புறம் இன்றைக்குத்தான் சிரித்தார்.

ஆகவே வண்டி பாஸ் ஆக வேண்டும்.

ஏப்ரல் 18, சனி

காலையில் வெயில் ஏறுவதற்குள் காரைப் பார்த்துவிடலாம் என்று பழைய பையிலிருந்து காந்தத்தை எடுத்தேன். பழைய வண்டியை எடைபோட இதைவிட நல்ல வழி இல்லை. மேலே பளபளவென்று பெயிண்ட் இருந்தாலும் அடியில் தகடு இருந்தால்தான் காந்தம் பிடிக்கும். தகடு துருப்பிடித்தோ அடிபட்டோ போய், பட்டி போட்டு மொழுகியிருந்தால் பிடிக்காது.

வலது பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். மட்கார்டு, டிரைவர் கதவு, பின் கதவு எல்லாம் டக் டக்கென்று ஒட்டியது. எண்பத்தாறில் கம்பெனியிலிருந்து வந்த தகடு அப்படியே இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கி இத்தனை வருஷம் வைத்துக்கொண்டிருக்கிறாரே, மனுஷன் காரைக் கண்ணுக்குள் வைத்துத்தான் காப்பாற்றியிருக்கிறார் என்று நினைத்தேன்.

இடது பக்கம் போனேன். முன் மட்கார்டில் வைத்தேன், காந்தம் விழுந்துவிட்டது. எடுத்துத் துடைத்துத் திரும்ப வைத்தேன். விழுந்தது. கதவில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போய் அடியில் ஓரிடத்தில் நின்றது. பின் சக்கரத்துக்கு மேலே கையால் தட்டினால் சட்டிச் சத்தம் வருகிறது, தகட்டுச் சத்தம் இல்லை.

காந்தம்தான் பழுதோ என்று வலது பக்கம் போய் வைத்துப் பார்த்தேன். அது பிடித்தது.

இவரிடம் சொன்னேன். இடது பக்கம்தானே ரோட்டோரம், நிறுத்தி வைத்திருக்கும்போது எவனாவது உரசிவிட்டுப் போயிருப்பான் என்றார். அதுவும் நியாயம்தான். ஆனால் இந்த வண்டி ரோட்டோரம் நின்று நான் பார்த்ததில்லை. நம் வீட்டில் போர்டிகோ இருக்கிறது.

ஏப்ரல் 19, ஞாயிறு

கூழ் வடகம் பிழிந்தேன். நல்ல வெயில்.

ஏப்ரல் 24, வெள்ளி

சுங்கம் பக்கம் ஆரோக்கியசாமியின் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டிருந்தேன். இன்று போனேன். பிரேக், ஸ்டீயரிங், ஹெட்லைட் எல்லாம் சரிபார்த்துவிட்டான். துரு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க இடது மட்கார்டைச் சுரண்டி வைத்திருந்தான். ஊதா பெயிண்டுக்கு அடியில் பட்டி, அதற்கு அடியில் வேறு ஊதா, அடியில் மறுபடி பட்டி. தேங்காய்ச் சில்லு மாதிரி பெயர்ந்து கிடந்தது.

"இது ஒரு நாள்ல ஆனதில்லீங்கம்மா. அப்பப்ப இடிச்சு, அப்பப்ப வேற வேற பட்டறைல பட்டி பாத்திருக்காங்க. எல்லாமே இடது பக்கந்தான்" என்றான்.

இடிச்சு என்று அவன் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. வேலையை மட்டும் பார் என்றேன். பாவம், தலையை ஆட்டினான். இத்தனை பட்டறைக்கு இவர் எப்போது போனார்? நான் பகல் முழுக்க பவுண்டரியில் இருந்தவள்தான். ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மே 5, செவ்வாய்

இன்று ஆர்.டி.ஓ. ஆபீஸ். ஆரோக்கியசாமி ஓட்டினான். நான் வழக்கம்போல முன் சீட்டில், இடது பக்கம்.

வண்டியில் போகும்போது இவரோடு எனக்கு ஒரு வேலை உண்டு. என் பக்கம் என்னென்ன வருகிறது என்று சொல்லிக்கொண்டே வருவேன். சைக்கிள், மாடு, பஸ் ஸ்டாப்பில் நிற்கிற கூட்டம் எல்லாம். நான் நிறுத்தினால் "ஏன் அம்மிணி, ரேடியோ நின்னு போச்சு?" என்று கேட்பார். கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது, இன்றுவரை உண்டு. என் பேச்சைக் கேட்டுக்கொண்டே ஓட்டினால்தான் அவருக்கு அலுப்பு தெரியாதாம்.

அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் ஆரம்பித்துவிட்டேன். பால் வண்டி வருது, ஆட்டோ ஒதுங்குது என்று. ஆரோக்கியசாமி கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியுதுங்கம்மா, நீங்க நிம்மதியா உக்காந்துட்டு வாங்க" என்றான். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. அவன் பாட்டுக்கு ஓட்டினான், யார் மேலும் மோதவில்லை.

பிரேக் இன்ஸ்பெக்டர் சின்ன வயசுப் பையன். சேசிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்து, பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்தார்கள். ஒரு சுற்று ஓட்டச் சொல்லிப் பார்த்தார். சொந்தக்காரர் யார் என்றதும் நான் முன்னால் போனேன். ஆர்.சி. புத்தகம் என் பெயரில்தான். பொண்டாட்டி பெயரில் கார் வாங்கிய புருஷன் எங்கள் தெருவிலேயே இவர் ஒருத்தர்தான், அந்தக் காலத்தில் எனக்கு அதில் ஏக கர்வம். நாற்பது வயசு வண்டிக்கு நன்றாகவே வைத்திருக்கிறீர்கள் என்றார் இன்ஸ்பெக்டர். பாஸ்.

வெளியே வந்தால் ஒருவர் வண்டியை அடையாளம் கண்டு கும்பிட்டார். பெயர் துரைக்கண்ணு, போன தடவைகளில் எஃப்.சி. வேலையெல்லாம் பார்த்துக் கொடுத்தவராம். சார் வரவில்லையா என்று கேட்டார். ஆபரேஷன் என்றேன். வந்தாலும் உள்ளே வர மாட்டார், டீக்கடையிலேயே உட்கார்ந்துகொள்வார், வண்டியைத் தான்தான் உள்ளே ஓட்டிக்கொண்டு போவேன் என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "லைசென்ஸ் எடுத்துத் தர்றேன், வாங்க சார்னு எத்தன தடவ கூப்பிட்டிருப்பேன். இனி எதுக்குப்பா அதெல்லாம்னுட்டாரு."

நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வரும் வழியில் எந்தக் கடை, எந்தத் தெரு என்று ஒன்றும் கண்ணில் படவில்லை.

மே 6, புதன்

லைசென்ஸைக் கேட்டேன். எங்கேயோ வைத்துவிட்டேன் என்றார். எடுத்ததே இல்லையாமே என்றேன். துரைக்கண்ணுவைத் திட்டினார்.

எத்தனை வருஷம், எத்தனை ஊர். பழனி, ஊட்டி, குருவாயூர். லைசென்ஸ் இல்லாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டு போயிருக்கிறேன். பேச்சை நிறுத்திவிட்டேன். சாப்பாடு மட்டும் போடுகிறேன்.

மே 11, திங்கள்

பேசவில்லை. தண்ணீர் லாரி வரவில்லை.

மே 17, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போன வாரம் டாக்டர் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். எஃப்.சி. முடிந்த வண்டிக்குப் பேரூர்க் கோயிலில் பூஜை போட்டுவிட்டு வரலாம் என்று இவர் கிளம்பினார். வேண்டுதல் என்னுடையது, போகாமல் இருக்க முடியாது. லைசென்ஸ் என்பது ஒரு அட்டை, மனுஷன் இத்தனை வருஷம் ஓட்டியவர்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு ஏறினேன். ஆனால் கோபம் போகவில்லை. வாயைத் திறக்கக் கூடாது என்று வைராக்கியமாக உட்கார்ந்திருந்தேன்.

தெருமுனையிலேயே வண்டி தயங்கியது. "பேச மாட்டியா?" என்றார். நான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்வபுரம் தாண்டும்வரை கட்டை வண்டி மாதிரி ஓட்டினார். தலையை இடது பக்கம் திருப்புவதும் ரோட்டைப் பார்ப்பதுமாக. பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அதற்கு வழிவிட இடது பக்கம் ஒதுக்கினார்.

அங்கே ஒரு ஸ்கூட்டி. ஒரு பெண், முன்னால் நின்றுகொண்டு ஒரு குழந்தை. நன்றாக, பட்டப்பகலில், என் ஜன்னலுக்குக் கை எட்டும் தூரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். இவர் ஒதுக்கிக்கொண்டே வந்தார். இதோ பார்ப்பார், இதோ திருப்புவார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழந்தை என்னைப் பார்த்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்து என் பலமெல்லாம் சேர்த்து வலது பக்கம் இழுத்தேன். ஸ்கூட்டியின் கண்ணாடி நம் கதவில் உரசிச் சில்லென்று உடைந்தது. அந்தப் பெண் காலை ஊன்றி நின்றுவிட்டாள். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. இறங்கிப் போய்த் தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அந்தப் பெண் திட்டிய திட்டு எல்லாம் நியாயமானது.

இவர் காரிலேயே உட்கார்ந்திருந்தார். "எங்க இருந்து வந்தாங்க?" என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார்.

நான் ஏறி உட்கார்ந்து என் உள்ளங்கையால் அவருடைய வலது கண்ணை மூடினேன். எதற்கு அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, கை தானாகப் போனது. "என் மூஞ்சி தெரியுதுங்களா?" என்றேன்.

தட்டிவிடுவார் என்று பார்த்தேன். தட்டவில்லை.

"தெரியாது அம்மிணி. கல்யாணத்துக்கு முந்தியே போயிருச்சு" என்றார்.

மே 18, திங்கள்

இன்று மீதியைச் சொன்னார். நான் கேட்கக் கேட்கத்தான் வந்தது. காலேஜில் படிக்கும்போது கிரிக்கெட் விளையாட்டில் இடது கண்ணில் கார்க் பந்து பட்டிருக்கிறது. வெளியே தழும்பு இல்லை, கண்ணும் பார்ப்பதற்கு மற்றக் கண் போலத்தான், உள்ளே நரம்பு செத்துவிட்டது. கண்ணு போனவனுக்கு எவன் பெண் கொடுப்பான் என்று இவருடைய அம்மா வெளியே மூச்சு விடக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். லைசென்ஸுக்குப் போனால் கண்ணைச் சோதிப்பார்கள், அதனால் போகவில்லை. லைசென்ஸ் இல்லாதவர் பெயரில் எதற்கு என்று வண்டியை என் பெயரில் வாங்கியிருக்கிறார்.

என் கர்வத்தில் முதலாவது போயிற்று.

ஒரு வீட்டில், ஒரு படுக்கையில் இத்தனை காலம் இருந்திருக்கிறேன். ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடிக்கிற கண்ணாம் எனக்கு. வெட்கமாக இருக்கிறது, அதைவிடப் பயமாக இருக்கிறது. இந்த மனுஷன் பக்கத்தில் நிலானியை உட்காரவைத்து அனுப்ப இருந்தோம். பால்குடி மறந்து நான்கு வருஷம் ஆகாத குழந்தை, என் மாதிரி இடது பக்கம் வருவதையெல்லாம் அது பார்த்து என்ன சொல்லும்?

இடது பக்கம் நடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். மாவு ஆட்ட வேண்டியிருந்தது.

மே 20, புதன்

ஹாலில் கல்யாணப் போட்டோவைத் துடைத்தேன். தாலி கட்டும்வரை மணமேடையில் இவருக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன். கட்டியதும் எல்லாப் பெண்டாட்டிகளையும் போல எழுப்பி இடது பக்கம் மாற்றி உட்காரவைத்தார்கள். அன்றிலிருந்து கோயிலில், விசேஷத்தில், போட்டோவில், காரில் எல்லாம் இடது பக்கம்தான். அதாவது தாலி ஏறிய நிமிஷத்திலிருந்து நான் இவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நின்றிருக்கிறேன்.

என்னைப் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தை முழுசாகத் திருப்பித்தான் பார்ப்பார். என் வீட்டுக்காரர் அரைப் பார்வை பார்க்க மாட்டார், முழு முகத்தையும் திருப்பித்தான் பார்ப்பார் என்று செக்‌ஷனில் பீற்றிக்கொண்டிருக்கிறேன். சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகையும் வந்தது. இவர் வந்து பக்கத்தில் நின்றார். எந்தப் பக்கம் நின்றார் என்றுதான் முதலில் பார்த்தேன். இனிமேல் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருப்பேன் போல.

மே 23, சனி

மிருதுளாவிடம் சொல்லியாக வேண்டும் என்றேன். நானே சொல்கிறேன், நேரில் சொல்கிறேன், போனில் வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். சரி என்றேன். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன் என்றும் சொன்னேன்.

மே 29, வெள்ளி

வந்துவிட்டார்கள். வீடு முழுக்க அட்டைப்பெட்டி. இவர் சொல்லவில்லை.

மே 30, சனி

பிள்ளைக்கு ஷூ, டிபன் பாக்ஸ் வாங்கினோம். ஆட்டோவில் போனோம், கார் எதற்கு இருக்கிறது என்று மிருதுளா கேட்டாள். இவர் பேட்டரி வீக் என்றார். நான் முறைத்தேன். எந்தப் பக்கத்திலிருந்து முறைத்தேனோ, அவருக்குத் தெரியவில்லை.

மே 31, ஞாயிறு

நாளைக்குப் பள்ளிக்கூடம். காலையில் இட்லி சாப்பிடும்போது சொல்வார் என்று காத்திருந்தேன். இரண்டு இட்லி கூடப் போட்டுக்கொண்டார், சொல்லவில்லை. கை கழுவிவிட்டுப் போர்டிகோவுக்குப் போய் ஈரத்துணியால் காரைத் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை. நானே சொல்லிவிடுவது என்று மிருதுளாவைக் கூப்பிட வெளியே போனேன்.

அவளும் அங்கேதான் நின்றிருந்தாள். நிலானி காரைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். மிருதுளா அவளைப் பிடித்து நிறுத்தி, தன் இடது கால் செருப்பைக் கழற்றி அவள் முன்னால் காலை நீட்டினாள். சுண்டுவிரல் இல்லாத கால். இரண்டாம் வகுப்பு படிக்கும்போது போனது. அன்றைக்கு நான் ஷிப்டில் இருந்தேன், நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன்.

"இங்க பாரு. அம்மா இந்த மாதிரிதான் கார் பக்கத்துல ஓடுனேன். அப்பச்சி வண்டியத் திருப்பிட்டு இருந்தாங்க, நான் பாக்காம ஓடிப் போய் வீல்ல காலக் குடுத்துட்டேன். நீ ஓடக் கூடாது, சரியா?"

மே பதினெட்டாம் தேதி நான் பாதியில் நிறுத்திய இடம் இதுதான். தூணைப் பிடித்துக்கொண்டேன். இவரைப் பார்த்தேன். துணியைப் பிழிந்துகொண்டே நின்றார், தண்ணீர் எப்போதோ நின்றுவிட்டது.

"நீ ஓடல கண்ணு" என்றார்.

மிருதுளாவுக்குப் புரியவில்லை. என்னங்கப்பா என்றாள்.

"எனக்கு இந்தப் பக்கம் கண்ணு தெரியாது. சின்ன வயசுல இருந்தே தெரியாது. நீ அங்க இருந்தத நான் பாக்கவே இல்ல. நீ சத்தம் போட்டதுக்கு அப்புறந்தான் தெரிஞ்சுது. ஓடி வந்து உழுந்துட்டான்னு ஆஸ்பத்திரில நாந்தான் சொன்னேன்."

இவ்வளவையும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அப்புறம் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். இனி இதை என்னிடம் கொடுத்துவிடாதே என்றார். நிலானி எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மிருதுளா அழுவாள், இல்லாவிட்டால் கத்துவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. ஒற்றைக் காலில் செருப்பில்லாமல் அப்படியே நின்றாள். யாரையோ பற்றிச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"நின்னுட்டு இருந்தேன்னுதான் எனக்கு ஞாபகங்கப்பா. பையத் தோள்ல போட்டுட்டு, நீங்க கதவத் தொறந்து உடுவீங்கன்னு நின்னுட்டு இருந்தேன். எல்லாரும் ஓடுனேன் ஓடுனேன்னு சொன்னீங்க. சரி, நாந்தான் தப்பா ஞாபகம் வெச்சிருக்கேன்னு விட்டுட்டேன்."

செருப்பைப் போட்டுக்கொண்டாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.